பால்குடி மறக்கவைப்பது – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 22 மாதம். பகலில் நன்றாகச் சாப்பிடுகிறாள். இரவில் மட்டும் மூன்று நான்கு முறை எழுந்து பால் கேட்கிறாள். எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு வயதுக்கு மேல் பாலில் சத்து இருக்காது, நான்கு நாள் பாட்டி வீட்டில் விட்டால் தானாக மறந்துவிடுவாள் என்கிறார்கள். நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நினைத்தாலே குற்ற உணர்ச்சி. எப்போது, எப்படி நிறுத்துவது?

ர.

அன்புள்ள ர.,

இரண்டு வயதானால் பால் தண்ணீராகிவிடும் என்பது தவறு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதுவரை, அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் சத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் உங்களுக்கு முடியவில்லை என்றால் அந்த ஒரு காரணமே போதும். இரவில் நாலு முறை எழுந்திருக்கும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

பாட்டி வீட்டு யோசனை வேண்டவே வேண்டாம். பாலோடு அம்மாவும் காணாமல் போனால் அந்தக் குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்? திடீரென்று நிறுத்தினால் உங்களுக்கும் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல்கூட வரலாம்.

உங்கள் பிரச்சினை தூக்கம்தானே? அப்படியானால் இரவுப் பாலை மட்டும் முதலில் நிறுத்துங்கள், பகலில் கொடுங்கள். இந்த வயதில் சொன்னால் புரியும். பகலில் விளையாடும்போதே சொல்லிவையுங்கள்: "விளக்கணைச்சா பால் கிடையாது. விடிஞ்சதும் குடிக்கலாம்." இரவிலும் அதே வார்த்தைகள்தான். அழுவாள். முதல் சில இரவுகள் அவள் அப்பா எழுந்து தோளில் போட்டுத் தட்டட்டும். உங்கள் பக்கத்தில் படுத்தால் பால் ஞாபகம்தான் வரும். அணைத்துக்கொண்டே "இப்போ இல்லடா" என்று சொல்வது கொடுமை ஆகாது. ஒருநாள் மனமிரங்கிக் கொடுத்து மறுநாள் மறுப்பதுதான் அவளைக் குழப்பும்.

பகல் பாலையும் நிறுத்த நினைக்கும்போது, அவள் பொழுதுபோகாமல் கேட்கும் வேளையிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாகப் பால் கொடுக்கும் இடத்தில் அப்போது உட்காராதீர்கள். கேட்பதற்கு முன்பே குடிக்க ஏதாவது டம்ளரில் கொடுங்கள். ஒரு வேளையை விட்டபின் ஒரு வாரம்போலப் பொறுத்து அடுத்ததை விடுங்கள். தூங்கப்போகும் முன் குடிப்பது கடைசியாக நிற்கட்டும். மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள்; முழுக்க எடுத்தால் மறுபடி சுரக்கும். ஓரிடம் சிவந்து, வலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

அவளுக்கு உடம்பு சரியில்லாதபோதும், வீடு மாறும்போதும் இதைத் தொடங்க வேண்டாம். நடுவில் காய்ச்சல் வந்தால் தயங்காமல் கொடுங்கள். தேறியபின் மறுபடி ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. முழுக்க நின்றபின் உங்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரலாம். உடம்பில் ஹார்மோன்கள் மாறும் நேரம் அது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் மனசு தேறவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். தனியாகப் போக வேண்டாம், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா