கேள்வி பதில்: சொந்தக் கதாபாத்திரங்களும் மேரி சூவும்

ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளை வைத்து எழுதும் ரசிகர் புனைகதைகளுக்குப் பல வருடங்களாக பீட்டா ரீடராக, அதாவது வெளியிடும் முன் படித்துக் கருத்து சொல்பவராக, இருக்கிறேன். மூலக்கதையில் இல்லாமல் நாமே உருவாக்கிச் சேர்க்கும் கதாபாத்திரங்களைப் பற்றியும், பிறர் கதைக்குக் கருத்து சொல்வது பற்றியும் வந்த கேள்விகள் இவை. அப்படிச் சேர்க்கும் கதாபாத்திரம் குறையே இல்லாமல், எல்லோரும் கொண்டாடும்படி இருந்தால் அதைக் கேலியாக மேரி சூ என்பார்கள்.

கேள்வி: மேரி சூ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1973இல் பாலா ஸ்மித், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் எழுதிய நையாண்டிக் கதையிலிருந்து. ஒரு பக்கம்கூட வராது. நாயகி லெப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை. விண்கலப் படையிலேயே இளைய லெப்டினன்ட். கேப்டன் பார்த்த உடனே காதல் சொல்கிறார். கையோடு கப்பலையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு காபி எடுக்கப் போகிறார். கடைசியில் அவள் சாக, எல்லோரும் சுற்றி நின்று அழுகிறார்கள். குறை என்றால் நாம் அவள் வயதையும் திறமையையும் பிடித்துக்கொள்கிறோம். கேப்டனைப் பாருங்கள். கப்பலே உயிர் என்று வாழ்கிறவர், புதிதாக வந்த ஒருத்தியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போவாரா? கதை உடைவது அங்கேதான்.

கேள்வி: என் நாயகி பேரழகி, ஐந்து மொழி பேசுவாள், வாள் வீசுவாள். மேரி சூவா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவளைச் சுற்றி நிற்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்று சொல்லுங்கள். மூலக்கதையில் யாரையும் நம்பாத தளபதி ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். உங்கள் இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர் அவளிடம் மனதைத் திறந்து கொட்டினால், வாசகர் அந்தத் தளபதியை இழந்துவிடுகிறார். அவருக்காகத்தானே உங்கள் கதைக்கு வந்தார்! அதே தளபதி பத்து அத்தியாயம் அவளைச் சந்தேகித்து, சண்டை போட்டு, ஒரு தடவை அவளால் ஏமாந்தும் போய், அப்புறம் பேசினால் அவள் எத்தனை மொழி பேசினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நான் படிக்கும்போது ஒன்றைத் தேடுவேன்: அவளை மறுத்துப் பேச யாராவது இருக்கிறார்களா, அப்படி மறுப்பவர் பக்கம் ஒரு முறையாவது நியாயம் இருக்கிறதா?

கேள்வி: ஒரு குறையைச் சேர்த்துவிட்டால் போதுமா? அடிக்கடி தடுக்கி விழுவாள் என்று வைத்திருக்கிறேன்.

விழும்போது நாயகன் தாங்கிப் பிடிக்கிறார் என்றால் அது குறை இல்லை, சலுகை. குறையால் அவளுக்கு ஏதாவது கைவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: கோபம் வந்தால் என் நாயகியின் கண் ஊதா நிறமாகும். மேரி சூவா?

இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆண் நாயகன் எல்லாம் வல்லவனாக இருந்தால் வீரன், பெண் என்றால் மேரி சூ. இந்தச் சொல்லே பெண்களை அடக்கத்தானே?

ஆணுக்கும் கேரி ஸ்டூ, மார்ட்டி ஸ்டூ என்று பெயர்கள் உண்டு. ஆனால் அவை அத்தனை வேகமாக வீசப்படுவதில்லை, அதனால் உங்கள் கோபம் நியாயம். கமில் பேக்கன்-ஸ்மித் 1992இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இந்தப் பழிக்குப் பயந்தே பெண் கதாபாத்திரங்களைத் தவிர்த்த எழுத்தாளர்களைப் பதிவு செய்திருக்கிறார். குறையைச் சுட்ட வந்த சொல், எழுத வந்தவர்களையே விரட்டியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அந்தச் சொல்லை விட்டுவிடலாமே? நீங்களே தலைப்பில் வைத்திருக்கிறீர்கள்.

தேடுகிறவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள் என்பதால் வைத்தேன். ஒருவரின் கதைக்குக் கீழே அதை எழுதமாட்டேன். முன்பு எழுதியிருக்கிறேன். முதல் கதையோடு வந்த ஒருவருக்கு அந்த ஒரே சொல்லைப் பதிலாகப் போட்டேன். அவர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. எந்த வரியில் எனக்கு நம்பிக்கை போனது என்று சொல்லியிருந்தால் அவர் திருத்தியிருப்பார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

கேள்வி: குறையே இல்லாத நாயகியை எழுதுவது அவ்வளவு பெரிய குற்றமா? எனக்கு அது சந்தோஷம்.

குற்றமே இல்லை. உங்களுக்காக எழுதுகிறீர்கள் என்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கேள்வி: நல்லெண்ணத்தோடு சொன்னால் கேட்காமலே குறை சொல்லலாமா?

வேண்டாம். முதலில் கேளுங்கள். "விமர்சனம் எழுதலாமா?" என்று ஒரு வரி போதும். அவர் சரி என்றால், இடம் காட்டிச் சொல்லுங்கள்: "நாலாம் அத்தியாயத்தில் அண்ணன் உடனே மன்னித்தது எனக்கு ஒட்டவில்லை, முன்பு அவர் அப்படி இல்லையே." எழுதியவரின் வயதையோ ஆசையையோ தொடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் கேளுங்கள்.

கேள்வி: என் கதையைப் புத்தகமாக விற்கலாமா?

அது பதிப்புரிமை விஷயம். வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் நாயகி இளவரசி, மந்திரமும் தெரியும். மேரி சூவா?

இதே கேள்வி மூன்றாவது முறை. இளவரசியை ஓரமாக வையுங்கள். அவள் பக்கத்தில் நிற்பவர் யார், அவளிடம் அவருக்குப் பிடிக்காதது என்ன? அதை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.