உமிழ்ந்தது யார்?

கேள்வி: தூங்கும்போது எனக்கு உமிழ்நீர் அதிகமாகச் சுரக்கிறது. காலையில் தலையணை நனைந்து கிடக்கிறது. ஏன் இப்படி?

பதில்: முதலில் அந்த 'உமிழ்நீர்' விவகாரத்தை முடித்துவிடுவோம். உமிழ்வது என்றால் வேண்டுமென்றே வெளியே தள்ளுவது. எரிமலை நெருப்பை உமிழும்; மேடைப் பேச்சாளர் வெறுப்பை உமிழ்வார். தூங்குகிறவர் பாவம், எதை உமிழ்ந்தார்? கன்னம் தலையணையில் நசுங்கி, வாய் ஒரு பக்கம் கோணி, கடைவாயிலிருந்து நூல் மாதிரி ஒன்று இறங்குகிறது. 'எச்சில் வடிகிறது' என்று நான் எழுதினால் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் சிவப்பு மையால் அடித்து 'உமிழ்நீர்' ஆக்குவார். எச்சில் அசிங்கமாம். கைக்குழந்தைக்கு வடிந்தால் 'வாணி' என்று கொஞ்சுகிறோம். இருபது வயதில் ஜொள்ளு. அதற்குத் தூங்கவே வேண்டாம். திரவம் என்னவோ ஒன்றுதான்.

அடுத்து, 'அதிகமாக'. அதுவும் தப்பு. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. அதில் தூக்கத்தின் பங்கு சொற்பம். இரவில் சுரப்பிகளும் கடையைச் சாத்திவிடும். விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். குறைவது சுரப்பு மட்டுமல்ல, விழுங்குவதும்தான். விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை என்கிற கணக்கில், நினைப்பே இல்லாமல் விழுங்குகிறோம். (இப்போது ஒன்று விழுங்கினீர்கள்.) தூக்கத்தில் அது மணிக்குச் சில தடவையாகிவிடும். மல்லாந்து படுத்தால் ஊறிய கொஞ்சமும் தொண்டைப் பக்கம் போகும். ஒருக்களித்தோ குப்புறவோ படுத்து, மூக்கடைப்பால் வாயும் திறந்திருந்தால் தலையணைதான் கதி.

எச்சில் என்றதும், மணியடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும்படி பழக்கிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாயையும் மணியையும் இழுத்து வராததற்கு உங்களுக்கு நன்றி. அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு, மணியடித்ததற்கு அல்ல. இதே பக்கத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் 'செரிமானம்' அச்சில் 'சீரணம்' ஆகிவிட்டது. யார் வேலை என்று சொல்ல வேண்டுமா?

சரி, உங்கள் தலையணை. மூக்கடைப்பைக் கவனியுங்கள், மல்லாந்து படுத்துப் பாருங்கள். நெஞ்செரிச்சல் இருந்தாலோ, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்திருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபின் போன்ற சில மருந்துகளுக்கு எச்சில் வடியவைக்கும் குணம் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பகலிலும் வடிந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று வாய் கோணி, பேச்சும் குழறினால் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நேற்று மதியம் நம் மெய்ப்புத் திருத்துநர் மேசையில் கவிழ்ந்து தூங்கிப்போனார். அடியில் இருந்த தாளில் இரண்டு வரி சிவப்பு மை கரைந்து பூவாக விரிந்திருந்தது. தட்டி எழுப்பித் தாளைக் காட்டினேன்.

'வியர்வை' என்றார்.