சுருள் விண்மீன் திரள்களின் கரங்களில்தான் விண்மீன்கள் பிறக்கின்றனவா?

சுருள் விண்மீன் திரள்களின் படங்களில் கரங்கள் மட்டும் பளிச்சென்று ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, விண்மீன்கள் அங்கேதான் உருவாகின்றனவா, எப்படி உருவாகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கரங்களில்தான் உருவாகின்றன. ஆனால் விண்மீனாக மாறுவது அங்கே வந்து சேரும் குளிர்ந்த வாயு. கரம் அந்த வாயுவை ஓரிடத்தில் திரட்டித் தருகிறது, அவ்வளவே. சென்னையில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, இந்த வேறுபாடு மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும் என்பது அனுபவம்.

முதலில் அந்தப் பளிச்சிடலைப் பார்ப்போம். கரங்களுக்கு இடையே இருண்டு தெரியும் பகுதிகளிலும் விண்மீன்கள் ஏராளமாக இருக்கின்றன. அவை சூரியனைப் போலவோ சூரியனைவிட மங்கலாகவோ இருப்பதால் படத்தில் எடுப்பாகத் தெரிவதில்லை. கரங்களுக்கு நீல ஒளியைத் தருபவை மிகுந்த நிறை கொண்ட, மிகுந்த வெப்பமுள்ள சில விண்மீன்களே. சூரியனைப்போல் 20 மடங்கு நிறை கொண்ட விண்மீன் ஒரு கோடி ஆண்டுக்குள் தன் எரிபொருளைத் தீர்த்துவிடும். சூரியனோ பால்வெளித் திரளின் மையத்தை ஒரு முறை சுற்றிவரவே சுமார் 23 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீல விண்மீன்கள் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதற்குள் மடிந்துவிடுகின்றன. அவை எங்கே தெரிகின்றனவோ, அதன் அருகில்தான் பிறப்பும் நடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

கரம் என்பது ஒரே பொருள்கள் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும் கட்டமைப்பு அன்று. அப்படி இருந்திருந்தால், உட்பகுதி ஒரு சுற்றை விரைவாகவும் வெளிப்பகுதி தாமதமாகவும் முடிப்பதால், சில சுற்றுகளிலேயே கரங்கள் இறுகச் சுருண்டு அடையாளமின்றிப் போயிருக்கும். 1964-இல் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ ஆகிய இரு ஆய்வாளர்களும் கரங்களை அடர்த்தி அலைகளாக விளக்கினர். மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவில் தேர் மாட வீதிகளில் மெல்ல நகரும்போது, பின்னாலிருந்து விரைந்து வருபவர்கள் தேரருகே நெரிசலில் நடை தளர்ந்து, அதைக் கடந்ததும் பழைய நடைக்குத் திரும்பிவிடுவார்கள்; தேரைச் சுற்றிய கூட்டம் குறைவதே இல்லை, ஆனால் கூட்டத்தில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கரமும் அத்தகையதே. விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதாமல் அதைக் கடந்து போய்விடுகின்றன. வாயு அப்படிப் போக முடியாமல், முன்னே வேகம் குறைந்த வாயுவோடு மோதி, அதிர்வலைக்கு உள்ளாகி நெருக்கப்படுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்க விரும்பினால், ஹபிள் தொலைநோக்கி எடுத்த எம் 51 திரளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுருள் வடிவம் முதன்முதலில் கண்டறியப்பட்ட திரள் இதுதான். ராஸ் பிரபு 1845-இல் அயர்லாந்திலிருந்து தம் பெருந்தொலைநோக்கியால் கண்டு வரைந்தார். ஒவ்வொரு கரத்தின் உள்விளிம்பிலும் கரிய தூசிப் பட்டை ஒன்று ஓடும். அதை ஒட்டி இளஞ்சிவப்பு முடிச்சுகள் கோத்தாற்போல் இருக்கும். அவற்றுக்கு அப்பால் நீல ஒளி பரவியிருக்கும். கரிய பட்டை வாயு நெருக்கப்படும் இடம். இளஞ்சிவப்பு முடிச்சுகளில், புதிதாகப் பிறந்த விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்குகின்றன, அதாவது அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன; அதனால் அது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது.

விண்மீன் கருக்கொள்ளும் இடம் அந்தக் கரிய பட்டைக்குள் இருக்கும் மூலக்கூறு மேகங்கள், அதாவது வாயு தனி அணுக்களாக இல்லாமல் மூலக்கூறுகளாக இருக்கும் மேகங்கள். அங்கே வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 250 டிகிரி செல்சியஸுக்கும் மேல். வாயு சூடாக இருந்தால் அதன் அழுத்தம் ஈர்ப்பு விசையை எதிர்த்து நின்றுவிடும்; எந்த அளவு நிறை சேர்ந்தால் ஈர்ப்பு வெல்லும் என்பதை ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-இலேயே கணித்துக் காட்டினார். குளிர்ச்சிக்குத் தூசியின் துணை வேண்டும்: வெளியிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களைத் தூசி தடுக்கிறது, தூசித் துகள்களின் மேற்பரப்பில்தான் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து மூலக்கூறுகளாகின்றன. இவ்வளவு குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறத்தாழ எந்தக் கதிரையும் வெளியிடுவதில்லை என்பதால், அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் உமிழும் ரேடியோ அலைகளைக் கொண்டு இந்த மேகங்களை வரைபடமாக்குகிறார்கள். அந்த அலைகள் ஓரியன் விண்மீன் குழுவின் திசையிலிருந்து முதன்முதலில் 1970-இல் கண்டறியப்பட்டன.

ஈர்ப்பை எதிர்ப்பது வெப்பம் மட்டுமன்று. வாயுவின் கொந்தளிப்பும் காந்தப்புலமும் எதிர்க்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை வெண்குறு விண்மீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறை வரம்புக்காகவே பலரும் அறிவார்கள். ஆனால் அவரும் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியும் 1953-இல் சுருள் கரங்களின் காந்தப்புலத்தைப் பற்றி எழுதிய ஆய்வு, என் பார்வையில், அதற்கு இணையாகப் பேசப்பட வேண்டியது. விண்மீன் ஒளி தூசியினூடே வரும்போது தளவிளைவுக்கு உள்ளாகிறது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிரத் தொடங்குகின்றன. அந்தத் தளவிளைவின் திசைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதையும் வாயுவின் வேகத்தையும் சேர்த்து அவர்கள் புலத்தின் வலிமையைக் கணித்தார்கள். புவியின் காந்தப்புலத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே கிடைத்தது. அவ்வளவு நலிந்த புலமும் கரத்தின் வாயுவைத் தாங்கிப் பிடிக்கப் போதுமானது. மேகங்களின் காந்தப்புலத்தை அளக்க அந்த வழிமுறையை இன்றும் கையாளுகிறார்கள்.

இவற்றையெல்லாம் மீறி மேகத்தின் சில பகுதிகள் அடர்ந்து, ஓர் ஒளியாண்டில் ஒரு சிறு பகுதி அளவுள்ள கருக்களாகித் தம் எடையால் தாமே உள்நோக்கிச் சரிகின்றன. சிறிதளவேனும் சுழற்சி இருப்பதால், சரியும் பொருள் நேரே மையத்தில் விழாமல் தட்டாகப் பரவுகிறது. அந்தத் தட்டுவழியாகவே இளம் விண்மீன் வளர்கிறது, கோள்களும் அதிலிருந்தே உருவாகின்றன. ரோகிணி விண்மீன் இருக்கும் ரிஷப ராசித் திசையில், சுமார் 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றி இத்தகைய தட்டு வளையம் வளையமாகப் பிரிந்திருப்பதை, சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி 2014-இல் படமெடுத்தது. மையத்தின் வெப்பநிலை ஒரு கோடி கெல்வினை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருச் சேர்க்கையால் எரியத் தொடங்குகிறது. சூரியன் அளவுள்ள விண்மீன் சீரான நிலைக்கு வரச் சில கோடி ஆண்டுகள் பிடிக்கும்.

நமக்கு எட்டிய சான்று ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம். மார்கழி, தை மாத இரவுகளில், திருவாதிரை விண்மீனுக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே, சென்னையின் விளக்கொளியையும் மீறி, சாதாரண இருகண் நோக்கியில் பஞ்சுப் பொதிபோல் தெரியும். சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் நடுவே நான்கு வெப்ப விண்மீன்கள் நெருங்கி நிற்கின்றன. நாம் காண்பது அவை பிறந்தபின் மேகத்தின் முன்பக்கத்தைக் குடைந்து எடுத்த குழி. பிறப்பு இன்னும் தொடர்வது அதன் பின்னாலுள்ள இருண்ட மேகத்தில், அகச்சிவப்புக் கதிர்களுக்கும் ரேடியோ அலைகளுக்கும் மட்டுமே புலப்படும் ஆழத்தில்.

அந்தக் குழி முக்கியமான ஒன்றை உணர்த்துகிறது. பால்வெளித் திரளின் மூலக்கூறு வாயு ஏறத்தாழ 100 கோடிச் சூரிய நிறை. எதிர்ப்பின்றிச் சரிந்தால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களுக்கான பொருள் விண்மீன்களாகியிருக்கும். நடைமுறையில் ஆவது ஒன்றிரண்டு சூரிய நிறைதான். கொந்தளிப்பும் காந்தப்புலமும் தாமதப்படுத்துகின்றன. பிறந்த பெருவிண்மீன்களின் கதிர்வீச்சும் அவற்றிலிருந்து வீசும் வாயுக் காற்றும் மேகத்தையே சில கோடி ஆண்டுகளுக்குள் கலைத்துவிடுகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2024 ஜனவரியில் வெளியான 19 சுருள் திரள்களின் படங்களில் தூசிக்குள் தெரியும் குமிழிகள் பெரும்பாலும் இப்படிக் குடையப்பட்டவையே.

கரம் திரட்டித்தான் தருகிறது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வலுவான ஆதாரம் உண்டு. வானியலாளர்கள் புரூஸ் எல்மெக்ரீன், டெப்ரா எல்மெக்ரீன் இருவரும் 1986-இல், தெளிவான இரு கரங்கள் கொண்ட திரள்களையும், என்ஜிசி 2841 போலத் துண்டு துண்டான கரங்கள் உடையவற்றையும் ஒப்பிட்டபோது, இரு வகையிலும் விண்மீன் உருவாகும் வீதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆண்டிரோமெடா திரளில் மையத்திலிருந்து சுமார் 30,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள வளையத்தில் பிறப்பு செறிந்திருக்கிறது. எம் 83 திரளில், ஒளிரும் தட்டுக்கு வெகு வெளியேயும் இளம் விண்மீன்கள் இருப்பதைக் கேலெக்ஸ் புற ஊதாத் தொலைநோக்கி கண்டது. நம் திரளின் மையத்திலோ அடர்ந்த வாயு குவிந்திருந்தும், கொந்தளிப்பு மிகுதியால், எதிர்பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கே விண்மீனாகிறது.

அருகிலுள்ள சுருள் திரள்களில் இப்போதைய வேகத்தில் மூலக்கூறு வாயு சுமார் 200 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பால்வெளித் திரளோ 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக விண்மீன்களை உருவாக்கி வருகிறது. ஆகவே வெளியிலிருந்து புதிய ஹைட்ரஜன் தட்டுக்குள் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்க வேண்டும்.