கணினி கண்டுகொள்ளாத ஹார்டு டிஸ்க்

கேள்வி: என்னிடமுள்ள 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பல வருடக் குடும்பப் படங்களும் மகளின் திருமண வீடியோவும் இருக்கின்றன. சென்ற மாதம் வரை நன்றாக இருந்தது. இப்போது லேப்டாப்பில் செருகினால் விளக்கு எரிகிறது, உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை. பக்கத்துக் கடையில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். ஃபார்மட் என்பது பழுது பார்க்கும் வேலையன்று. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பட்டியலை நீக்கிவிட்டு வெற்றுப் பட்டியல் ஒன்றை எழுதும் வேலை. கணினியின் கண்ணுக்கே படாத டிஸ்க்கை அவர்கள் எப்படி ஃபார்மட் செய்யப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நீங்கள் சொல்லும் சத்தத்திற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மற்றது வீட்டில் தீராது. முதலாவது மின்சாரப் பற்றாக்குறை. கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி போர்ட் தரும் 5 வோல்ட் மின்சாரத்திலேயே அவை இயங்க வேண்டும். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 விதிப்படி 900 மில்லி ஆம்பியரும் தர வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு இது போதும் என்றாலும், நின்றிருக்கும் தட்டை முழு வேகத்துக்குச் சுழற்றிவிடும் அந்த முதல் சில நொடிகளில் தேவைப்படும் மின்சாரம் மிக அதிகம். போர்ட் தளர்ந்திருந்தாலோ, கேபிள் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தாலோ, அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, மோட்டார் பாதியில் நின்று மறுபடியும் முயல்கிறது. 'டிக்' சத்தம் அதனால் வரலாம். விளக்கு எரிவதற்கு அற்ப மின்சாரம் போதும் என்பதால், விளக்கை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

ஆகவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கின் பக்கம் செருகும் முனை, இரண்டு துண்டுகளை ஒட்டவைத்தது போல் பட்டையாக இருக்கிறதா? பையில் போட்டு எடுத்து, இழுத்துப் பிடுங்கி, சில வருடங்களில் தளர்ந்து போவது பெரும்பாலும் அந்த முனைதான். அதற்கு மாற்றுக் கேபிள் கைவசம் இல்லையென்றால், டிஸ்க்கில் உள்ள துளையின் அகலமான பாதியில், பழைய ஆண்ட்ராய்டு போன்களின் மைக்ரோ யூஎஸ்பி கேபிள் அப்படியே பொருந்தும். வேகம் குறையுமே தவிர, சோதித்துப் பார்க்க அது போதும். ஒரு எச்சரிக்கை: சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் செல்லும் கம்பிகளே இருக்காது, அப்படிப்பட்ட கேபிளில் டிஸ்க் அமைதியாகச் சுற்றும், கணினிக்கு மட்டும் தெரியாது. எனவே போனிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றிப் பழகிய கேபிளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் எதையும் இடையில் வைக்காமல் நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கணினி என்றால், முன்பக்கப் போர்ட்டுகளை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே அமைந்த பின்பக்கப் போர்ட்டில் செருகுவது நல்லது.

கேபிளை மாற்றியதும் டிஸ்க் ஒரே சீரான முனகலுடன் சுற்றி, திரையிலும் தெரிந்துவிட்டால், வைரஸ் சோதனை, ஒழுங்குபடுத்தல் என்று எதையும் தொடங்காமல், வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகளை, உங்கள் விஷயத்தில் திருமண வீடியோவை, முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

நல்ல கேபிளிலும் நல்ல போர்ட்டிலும் அதே 'டிக்' தொடர்ந்தால், தகவலைப் படிக்கும் தலைப்பகுதி பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே கழற்றி வைத்துவிடுங்கள். அந்தத் தலை, தட்டுக்கு மேலே ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்து செல்வது. பழுதான தலையுடன் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டு உரசிப்போகும் அபாயம் இருக்கிறது; இன்றைக்கு எடுக்க முடிந்த தகவல் நாலு முறை செருகிப் பார்த்த பிறகு எடுக்க முடியாமல் போகலாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற பழைய யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். திருகுகளைக் கழற்றித் திறந்து பார்ப்பதும் கூடாது. தூசி புகாத அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு நிலையத்தில்தான் அதைத் திறக்க வேண்டும். செலவு கூடுதலாகவே இருக்கும் என்பதால், முதலில் பரிசோதனைக்கு மட்டும் கொடுத்து, மொத்தக் கட்டணத்தையும், தகவல் கிடைக்காவிட்டால் என்ன வாங்குவார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: என் டிஸ்க்கில் சத்தம் எதுவும் இல்லை. செருகியதும், 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கிறது. விண்டோஸிலேயே உள்ள செக்டிஸ்க் என்ற சோதனைக் கருவியை ஓட்டலாம் என்கிறார் நண்பர்.
- வாசகர், மதுரை

பதில்: 'கேன்சல்' கொடுத்துவிட்டு, விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். உங்கள் டிஸ்க்குக்கு நேரே 'ரா' (RAW) என்று எழுதியிருந்தால், டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதி (பார்ட்டிஷன்) இருக்கிறது, ஆனால் கோப்புப் பட்டியலின் தொடக்கம் சிதைந்திருக்கிறது என்று பொருள். டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தால், வலது கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். புது டிஸ்க்கைப் போலத் தயார்செய்யும் 'இனிஷியலைஸ்' வேலையைச் செய்யச் சொல்லிக் கேட்டால், அதற்கும் சம்மதிக்காதீர்கள். அந்த டிஸ்க் இதற்கு முன் ஆப்பிள் கணினியில் பயன்பட்டதா என்பதையும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த முறையில் அமைந்த டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது, பழுதே இல்லாதபோதும் ஃபார்மட் கேட்கும்.

செக்டிஸ்க் பற்றி உங்கள் நண்பரோடு நான் உடன்படவில்லை. அது உங்கள் கோப்புகளைக் காப்பாற்ற எழுதப்பட்ட கருவி அன்று. கோப்புப் பட்டியலை முரண்பாடில்லாமல் ஆக்குவதே அதன் வேலை. பொருந்தாத குறிப்புகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய துண்டுகளைப் பெயரில்லாக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அதற்கு மேல், தட்டே பழுதாகத் தொடங்கியிருந்தால், /r என்ற கட்டளையுடன் ஓட்டும்போது முழுப் பரப்பையும் படிக்க வைத்து நிலைமையை மோசமாக்கும். அதனால் முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5 என்ற எண்களுள்ள வரிகள் மஞ்சள் நிறத்தில் இருந்தால், படிக்க முடியாத இடங்கள் தோன்றிவிட்டன. அப்போது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருளைக் கொண்டு, அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுக்க வேண்டும். நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் சிறப்பு. பகுதிகளைத் தேடித் திருத்தும் டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருள்களை மூலத்தில் ஓட்டாமல் அந்தப் பிரதியில் ஓட்டிப் பாருங்கள். தவறினால் மறுபடி பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, கணினிக்குள் நேரடியாக இணைத்தால் என்ன?
- வாசகர், சேலம்

பதில்: பெட்டியில் உள்ள சிறு இணைப்புப் பலகை மட்டும் கெட்டிருந்தால், அதுதான் சரியான வழி. ஆனால் 2.5 அங்குல மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி துளை டிஸ்க்கின் பலகையிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கணினிக்குள் இணைக்கத் தேவையான சாட்டா இணைப்பே உள்ளே இருக்காது. வேறு சில மாடல்களில், நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும் பலகையே தகவலை மறையாக்கி எழுதுகிறது. கழற்றி வேறு இடத்தில் இணைத்தால் வெறும் குப்பையாகவே தெரியும். தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல வகை என்றால், கழற்றுவதற்கு முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அது தர வேண்டியது 12 வோல்ட். செருகும் முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டிருந்தால், பலகை கருகியிருக்கக்கூடும். அதே மாடல் பலகை ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுக் குறிப்புகள் அதனதன் பலகையில் உள்ள சிப்பில் பதிவாகியிருப்பதால், அந்தச் சிப்பையோ அதிலுள்ள பதிவையோ புதிய பலகைக்கு மாற்றித் தரத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.