அடுப்படியில் புதைத்த ஜாடி

கேள்வி: இங்கிலாந்தில் பழைய வீடுகளைத் தோண்டும்போது சிறுநீர் ஊற்றிய ஜாடி கிடைக்கிறதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 17-ஆம் நூற்றாண்டில் சூனியத்தை முறிக்கச் செய்த வேலை அது. ஜெர்மனியிலிருந்து வந்த, கழுத்தில் தாடிக்காரர் முகம் பதித்த ஜாடியில் நோயாளியின் சிறுநீரை ஊற்றி, ஆணி, குண்டூசி, முடி எல்லாம் போட்டு இறுக மூடி அடுப்புக்கு அடியிலோ வாசற்படிக்கு அடியிலோ புதைத்துவிடுவார்கள். அப்புறம் சூனியம் வைத்தவளுக்குச் சிறுநீர் போக முடியாமல் வலி பிடுங்கும், தாங்காமல் அவளே சூனியத்தை எடுத்துவிடுவாள் என்பது கணக்கு. லண்டனின் கிரீனிச் பகுதியில் 2004-இல் கிடைத்த ஜாடிக்குள் ஆணி குத்திய இதய வடிவத் தோல்துண்டுகூட இருந்தது. சிறுநீரில் நிகோடின் வேறு, ஆசாமி புகைப்பவர் போல! வெட்டிப்போட்ட நகமும் நன்றாகப் பராமரித்த நகமாம், அதனால் ஏழைபாழைகள் மட்டும்தான் இதை நம்பினார்கள் என்று சொல்லிவிட முடியாது.