வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டால் என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் சட்ட விளக்கமும்

கேள்வி: அம்பத்தூரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வாடகை 9,000 ரூபாய். அட்வான்ஸாக 90,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். வந்த புதிதில் 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினோம், அதன்பின் புதுப்பிக்கவில்லை. இப்போது வீட்டுக்காரர் 13,000 ரூபாய் கேட்கிறார். முடியாது என்றதிலிருந்து தண்ணீர் மோட்டாரைக் காலையில் அரை மணி நேரம் மட்டுமே போடுகிறார். இரண்டு மாத வாடகையை வாங்க மறுத்துவிட்டார். மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிடுவேன் என்கிறார். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறான். எங்களுக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: உங்கள் கடிதத்தில் தண்ணீரைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது வாங்கப்படாத இரண்டு மாத வாடகை. அவர் வாங்க மறுத்தார் என்பது உங்களுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. நாளை வழக்கு என்று வந்தால், நீங்கள் இரண்டு மாதமாக வாடகை தரவில்லை என்றே அவர் சொல்வார். இரண்டு மாத வாடகைப் பாக்கியும், அதைக் கேட்டு அனுப்பிய அறிவிப்புக்குப் பிறகும் ஒரு மாதத்துக்குள் செலுத்தாமையும் சேர்ந்தால், வெளியேற்றக் கோருவதற்கு அதுவே போதுமான காரணமாகிவிடும். ஆகவே இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டு மாத வாடகையையும் அவருடைய வங்கிக் கணக்குக்கோ அலைபேசி எண்ணுக்கோ அனுப்பிவிட்டு, எந்தெந்த மாதத்துக்கு என்பதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துவது. அனுப்பிய பணத்தை அவர் திருப்பி அனுப்பினால், வாடகை அதிகாரியிடம் அந்தத் தொகையைச் செலுத்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுவதைப் போல வாடகைதாரர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்கு வேறில்லை.

இங்கே சட்டம் என்று நான் சொல்வது, பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017. இதன்படி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர் வாடகை அதிகாரியாக இருக்கிறார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயமும் உள்ளன.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் ஐயத்துக்கு இடமில்லாமல் பேசுகிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, மின்தூக்கி, கழிவுநீர் வசதி போன்ற இன்றியமையாத சேவைகளை, எந்தத் தகராறு இருந்தாலும், வீட்டு உரிமையாளர் தாமாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்கிறது 20-ஆவது பிரிவு. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், சேவையை உடனே மீண்டும் வழங்கும்படி இடைக்கால உத்தரவு பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மோட்டார் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் நாள்வாரியாக ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். குழாயில் தண்ணீர் வராததையும், லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ வாங்கியதற்கான ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். "அடிக்கடி நிறுத்துகிறார்" என்னும் பொதுவான புகாரைவிட, பதினைந்து நாள் கணக்கு எழுதிய ஒரு தாள் மனுவுக்கு அதிக வலுச் சேர்க்கும்.

அடுத்தது பூட்டு. வீடு அவருடையது, அதைத் திரும்பக் கேட்கவும், கூடுதல் வாடகை எதிர்பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குடியிருப்பவரை வெளியேற்றும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை அங்கே காட்டி உத்தரவு பெறாமல், அவர் உங்கள் பொருள்களை வெளியே எடுத்து வைக்கவோ கதவைப் பூட்டவோ முடியாது. பூட்டிவிட்டால் 100-க்கோ 112-க்கோ அழைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். "இது சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அத்துமீறி நுழைவதும் மிரட்டுவதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329, 351 ஆகிய பிரிவுகளின்கீழ் வரும் குற்றங்கள் என்பதைப் புகாரிலேயே எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் அங்கிருந்து வராதீர்கள். இதற்கும் மேலாக, முறையான சட்ட நடவடிக்கை இன்றி ஓர் இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் போகாமலேயே அதைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. அதற்குக் காலவரம்பு ஆறு மாதம்தான்.

இனி உங்கள் தரப்பின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்று நம் ஊரில் வீட்டுத் தரகர் முதல் பத்திர எழுத்தர் வரை சொல்லி வந்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியதால் பிறந்த வழக்கம் அது. புதிய வாடகைச் சட்டம் அதிலிருந்து மாறுபட்டது. மாதக் கணக்கு எதுவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவது வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்றாகவும் உள்ளது. அந்தக் காரணத்தைக் காட்டுவதற்கும் அவர் நீதிமன்றப் படியேற வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் நிலையில் நீங்கள் இல்லை. எனவே எழுத்துப்பூர்வமான புதிய ஒப்பந்தத்துக்குத் தயாராக இருப்பதாக இப்போதே அவருக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் தேர்வு முடியும்வரையிலான காலத்தையும், உங்களால் இயன்ற ஓர் உயர்வையும் நீங்களே முன்மொழியுங்கள். இதை விட்டுக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் பதிவாகிவிட்டால் அதில் உள்ளபடி மட்டுமே வாடகையை உயர்த்த முடியும் என்பதால், இந்தத் தகராறு மீண்டும் வராமல் இருக்க அதுவே காப்பு. ஒருவேளை அவர், நீங்கள் வாடகைதாரரே அல்ல என்று வாதிடுவாரானால், இதுவரை அனுப்பிய பணத்தின் வங்கிக் குறிப்புகள், ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு, பள்ளிப் பதிவு ஆகியவற்றில் உள்ள முகவரி எல்லாம் உதவும்.

கேள்வி: கோயம்புத்தூரில் வீட்டைக் காலி செய்து மூன்று மாதம் ஆகிறது. 80,000 ரூபாய் அட்வான்ஸ் வர வேண்டும். "அடுத்த குடித்தனம் வந்ததும் தருகிறேன், பெயிண்ட் செலவுக்கு 15,000 பிடித்துக்கொள்வேன்" என்கிறார் வீட்டு உரிமையாளர். இது முறையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முறையல்ல. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. அடுத்த குடித்தனம் வருவதும் வராததும் உங்கள் பொறுப்பல்ல. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் இன்றும் பத்து மாத முன்பணம் கேட்கப்படுவது அந்த வாசல் வழியாகத்தான். சாமானியக் குடும்பம் ஒன்றின் ஓராண்டுச் சேமிப்பை முடக்கிவைக்கும் இந்த வழக்கத்துக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பட்டியலிட்டிருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி போன்ற சிறு பழுதுகள்தாம் குடியிருப்பவரின் பங்கு. ஆகவே முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று நீங்களே கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தொகையை விட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், ஆணியடித்த ஓட்டை, உடைந்த கதவு என்று உண்மையில் நீங்கள் ஏற்படுத்திய சேதத்துக்கு மட்டும் பில் கேளுங்கள். வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பணம் வசூலிக்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் வாய்மொழித் தவணைகளை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். அட்வான்ஸ் திரும்ப வராதோ என்ற அச்சத்தில், கடைசிச் சில மாதங்கள் வாடகை தராமல் "கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுபவர்கள் பலர். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அப்படிச் செய்தால் அது வாடகைப் பாக்கியாகவே கருதப்படும்.

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கிறேன். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால் காலி செய்யச் சொல்கிறார்கள்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: பல வீடுகள் ஒரே இணைப்பில் இருக்கும்போது மொத்தப் பயன்பாடு உயர்ந்து, கட்டணமும் மேல் அடுக்குக்குப் போய்விடுவதால், யூனிட்டின் சராசரி விலை தனி இணைப்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்காக மின்வாரியத்துக்குச் செலுத்தியதைவிட அதிகமாக வசூலிப்பது நியாயமாகாது. உரிமம் இல்லாத ஒருவர் மின்சாரத்தை விற்றுப் பொருளீட்ட 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இடம் தரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லைக் கேட்டு, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். எட்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்டால் ஒருவரை மட்டும் காலி செய்யச் சொல்வது கடினம். தனி மீட்டர் கிடைத்துவிட்டால் வீட்டு இணைப்புக்கு உரிய 100 யூனிட் சலுகையும் உங்களுக்கே வந்து சேரும்.

கேள்வி: மதுரையில் 5 லட்சம் ரூபாய் கொடுத்து மூன்றாண்டுப் போக்கியத்துக்கு ஒரு வீட்டில் குடியேறினேன். முத்திரைத்தாளில் எழுதினோம், பதிவு செய்யவில்லை. கணவர் இல்லை. ஓராண்டு முடிவதற்குள், வீடு ஏலத்துக்கு வரப்போவதாக வங்கியின் அறிவிப்பைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உரிமையாளர் அலைபேசியை எடுப்பதில்லை.
(வாசகி, மதுரை)

பதில்: அம்மா, உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான போக்கிய அடமானம், இரண்டு சாட்சிகளுடன் பதிவு செய்யப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 59-ஆவது பிரிவில் கூறுகிறது. உங்களிடம் உள்ள தாள் பணம் கொடுத்ததற்குச் சான்றாகலாம். வீட்டின்மீது வங்கிக்கு உள்ள உரிமைக்கு எதிராக அது நிற்பது அரிது.

இருந்தாலும் மூன்று தேதிகளை உடனே கண்டறியுங்கள். வங்கியிடம் வீடு அடமானம் வைக்கப்பட்ட நாள், கடனைக் கட்டச் சொல்லி உரிமையாளருக்கு 60 நாள் அறிவிப்பு கொடுக்கப்பட்ட நாள், நீங்கள் குடியேறிய நாள். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தால் முதல் தேதி பெரும்பாலும் தெரிந்துவிடும். அடமானத்துக்கு முன்பே நீங்கள் வந்திருந்தால் உங்கள் நிலை சற்று வலுவானது. 60 நாள் அறிவிப்புக்குப் பிறகு வந்திருந்தால், வங்கியின் ஒப்புதல் இல்லாமல் வீட்டை உங்களுக்குக் கொடுக்க உரிமையாளருக்கே அதிகாரம் இருந்திருக்காது. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை நீதிமன்ற வழக்கு இல்லாமலேயே வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி எடுத்த நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளரும் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்கு 45 நாள் கெடு உண்டு. சுவரில் ஒட்டிய அறிவிப்பைத் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைவிட நீங்கள் முதன்மையாகத் துரத்த வேண்டியது பணத்தை. கடன் இருப்பதை மறைத்து உங்களிடம் 5 லட்சம் வாங்கியிருந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு கூறும் ஏமாற்றுக் குற்றமாகலாம். காவல் துறையில் புகார் கொடுப்பதோடு, அவருடைய வேறு சொத்துகள் கைமாறுவதற்குள் பணத்தைத் திரும்பக் கோரி உரிமையியல் வழக்கும் தொடுங்கள். பெண் என்ற காரணத்தாலேயே, வருமான வரம்பு எதுவும் இன்றி, இலவச வழக்கறிஞரைப் பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது முத்திரைத்தாள், பணம் கொடுத்த வங்கிக் குறிப்பு, அறிவிப்பின் படம் ஆகியவற்றுடன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள்.