‘ஆல்தோ’ இருக்கும்போது ‘பட்’ எதற்கு?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கு, ‘ஆல்தோ தி பேமெண்ட் வாஸ் டிலேட், பட் வி ஷிப்ட் தி கூட்ஸ்’ என்று மெயில் எழுதினேன். மேலாளர் ‘பட்’டை அடித்துவிட்டார். இப்போது படித்தால் நடுவில் ஏதோ விட்டுப்போனதுபோல் இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: மேலாளர் செய்ததுதான் சரி. ஆனாலும் உங்கள் காதைக் குறைசொல்ல மாட்டேன்.

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘பணம் தாமதமானாலும் சரக்கை அனுப்பிவிட்டோம்.’ ‘தாமதமானாலும், ஆனால் அனுப்பிவிட்டோம்’ என்று யாரும் சொல்வதில்லை. முரணைக் காட்டும் ‘ஆலும்’ முதல் பாதியின் வாலில், இரண்டு பாதிகளும் சேரும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் ‘ஆல்தோ’ தலைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேருமிடத்தில் வெறும் காற்புள்ளிதான். நம் காது அங்கே ஒரு சொல்லைத் தேடுகிறது, கைக்கு அகப்படும் ‘பட்’டைச் செருகிவிடுகிறோம். இரண்டில் ஒன்று போதும். ‘ஆல்தோ’வை எடுத்துவிட்டு ‘பட்’டை வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

பள்ளியில் ‘தோ… யெட்’ என்று ஜோடியாகச் சொல்லிக்கொடுத்தார்களே என்பீர்கள். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் யோபு அப்படித்தான் பேசுகிறார்: ‘தோ ஹி ஸ்லே மீ, யெட் வில் ஐ டிரஸ்ட் இன் ஹிம்’ (கடவுள் என்னைக் கொன்றாலும் அவரையே நம்புவேன்). பிழையில்லை; சரக்கு அனுப்பிய மெயிலுக்குத்தான் தோரணை கொஞ்சம் அதிகம்.

‘ஆல்தோ’வுக்குப் பதிலாக ‘டிஸ்பைட்’ போட்டால் பின்னால் எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியம் வராது. ‘டிஸ்பைட் தி டிலே இன் பேமெண்ட்’ என்று பெயர்ச்சொல் வரவேண்டும். நடுவே ‘ஆஃப்’ கூடாது, அது ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்குச் சொந்தம்.

இவையெல்லாம் படிப்பவர் முகம் சுளிப்பதோடு போய்விடும். காசு செலவாகும் பிழை ஒன்று இருக்கிறது. நம் ‘ஆலும்’ நடந்ததற்கும் நடக்கக்கூடியதற்கும் பொது. ‘தாமதமானாலும் அனுப்பினோம்’, ‘தாமதமானாலும் அனுப்புவோம்’ என்று கடைசி வினைதான் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் முதலிலேயே பிரித்தாக வேண்டும்: நடந்துவிட்டதற்கு ‘ஈவன் தோ’, நடக்கலாம் என்பதற்கு ‘ஈவன் இஃப்’. ‘ஈவன் இஃப் தி பேமெண்ட் இஸ் டிலேட், வி வில் ஷிப் தி கூட்ஸ்’ என்று எழுதிவிட்டால், இனி எப்போது பணம் கொடுத்தாலும் சரக்கு வந்துசேரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடும்.